கல்லாவில் குறைந்தால் கடைப் பையன்தான் திருடனா?

2025ஆம் ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களில் மூன்று செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றும் மூன்று ஊர்களில் நடந்தவை. ஆனால் மூன்றிலும் கேள்வி ஒன்றுதான்: வேலை செய்யும் இடத்தில் பணமோ பொருளோ காணாமல் போனால், வேலைக்காரரை எப்படி விசாரிப்பது?

முதலாவது திருவனந்தபுரம். நடிகர் கிருஷ்ணகுமாரின் மகள் நடத்தும் ஆபரணக் கடையில் வேலை பார்த்த மூன்று பெண்கள், கடையின் க்யூஆர் கோடுக்குப் பதிலாகத் தங்கள் கணக்கின் க்யூஆர் கோடைக் காட்டி வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது புகார். சுமார் 69 லட்சம் ரூபாய் என்று சொல்லப்பட்டது. அந்தப் பெண்களோ, தங்களைக் கடத்திக் கொண்டுபோய் மிரட்டிப் பணம் பறித்தார்கள் என்று எதிர்ப்புகார் கொடுத்தார்கள். இரண்டு புகார்களின் பேரிலும் வழக்குப் பதிவானது.

இரண்டாவது நம் தமிழ்நாடு. சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரத்தில், கோயிலில் ஒப்பந்தக் காவலாளியாக இருந்த 27 வயது அஜித்குமார், ஜூன் 28 அன்று போலீஸ் பிடியில் உயிரிழந்தார். கோயிலுக்கு வந்த ஒருவரின் காரிலிருந்த நகை காணவில்லை என்ற புகாரின் பேரில்தான் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது லண்டன். ஜூலை 8 அன்று, பிரிட்டிஷ் அஞ்சலக ஊழல் குறித்த விசாரணை ஆணையத்தின் முதல் தொகுதி அறிக்கையை ஓய்வுபெற்ற நீதிபதி சர் வின் வில்லியம்ஸ் வெளியிட்டார். செய்யாத திருட்டுக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் குறைந்தது 13 பேர் அதன் காரணமாகத் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

இவை தூரத்துச் செய்திகள் அல்ல. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கல்லாவின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ஒரு பக்கம் ஜவுளிக்கடை, மளிகைக்கடை, செருப்புக்கடை, செல்போன் கடை, சூப்பர் மார்க்கெட் நடத்தும் முதலாளிகள். மறுபக்கம் அதே கடைகளில் நிற்கும் பிள்ளைகள். சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு போன்ற ஏரிக்கரை ஊர்களில் முகத்துவாரம் மணல் மூடிப் பாடு குறையும்போது, வலையை மடித்து வைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறிச் சென்னைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. வளைகுடா நாடுகளின் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் நம் பிள்ளைகள் கவுண்டரில் நிற்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் முதலாளியாகவும் தம்பி மகன் வேறொரு கடையில் தொழிலாளியாகவும் இருப்பது நம்மிடையே சாதாரணம். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து பதில் சொல்ல நமக்கு வழியில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றைத்தான். கடையின் பணம் தொழிலாளியிடம் அமானிதம். அது போலவே, தொழிலாளியின் மானம் முதலாளியிடம் அமானிதம். திருட்டை விசாரிக்கிறவரும் அல்லாஹ்வின் முன்னால் விசாரிக்கப்படுவார்.

கம்ப்யூட்டர் சொன்ன பொய்

பிரிட்டனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். அங்கே கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் அஞ்சலகக் கிளைகள் பெரும்பாலும் ஒரு கடைக்குள்தான் இருக்கும். ஒரு பக்கம் ரொட்டி, பால், வாழ்த்து அட்டை விற்பார்கள். மறுபக்கம் அஞ்சலக கவுண்டர். அதை நடத்துகிறவர் அஞ்சலக நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டவர். கணக்கில் குறைந்தால் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று நிறுவனம் அவரிடம் வற்புறுத்தும்.

1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை இந்தக் கிளைகளுக்கு வந்தது. அதை உருவாக்கிக் கொடுத்தது ஃபுஜிட்சு நிறுவனம். அதற்குப் பிறகு பல கிளைகளில் இரவுக் கணக்கு முடிக்கும்போது ஆயிரக்கணக்கான பவுண்டு குறைந்தது. கிளை நடத்தியவர்கள் உதவி மையத்துக்குப் போன் செய்தார்கள். பலருக்குக் கிடைத்த பதில், ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது’ என்பது. உண்மையில் அதே நேரத்தில் நாடெங்கும் பலருக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

நிறுவனத்தின் சொந்த விசாரணையாளர்கள் வந்தார்கள். கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குக் காட்டாது என்ற முடிவோடுதான் அவர்கள் வந்தார்கள். நிறுவனமே நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போடும் வசதியும் அங்கே இருந்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றார்கள். இவற்றில் சுமார் 700 வழக்குகளை அஞ்சலக நிறுவனமே நடத்தியது. சர்ரே மாவட்டத்தில் கிளை நடத்திய இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ரா, கருவுற்றிருந்த நிலையில் 2010இல் சிறைக்குப் போனார். தண்டனை 15 மாதம்.

பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். செய்யாத குற்றத்தை ஏன் ஒப்புக்கொண்டார்கள்? திருட்டு வழக்கு என்றால் சிறை. பொய்க்கணக்கு என்று ஒப்புக்கொண்டு பணத்தையும் கட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்ற நெருக்கடிதான் காரணம். வீட்டை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. உறவினரிடம் கடன் வாங்கிக் கட்டியவர்கள் உண்டு. ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளை நடத்துநரும் அவரோடு சேர்ந்த மற்றவர்களுமாக 555 பேர் போட்ட வழக்கில், ஹொரைசன் மென்பொருளில் பிழைகள் இருந்தன, அந்தப் பிழைகளால் கணக்கில் குறைவு வர முடியும் என்று 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்பளித்தார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. 2024 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒரே வீச்சில் நீக்கியது. திருட்டு என்று சொல்லப்பட்ட பணம் அந்தக் கிளைகளிலிருந்து திருடப்படவே இல்லை. கணக்குதான் தப்பு.

இதில் மூன்று தவறுகள் தெரிகின்றன. ஒன்று, குறைவையே திருட்டுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, புகார் சொன்னவர், விசாரித்தவர், வழக்கு நடத்தியவர் மூவரும் ஒருவராகவே இருந்தார்கள். மூன்று, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனிமைப்படுத்தினார்கள். மற்றவர்களுக்கும் இப்படி நடக்கிறதா என்று அறிய அவருக்கு வழியே இல்லாமல் போயிற்று.

இந்த மூன்று தவறுகளுக்கும் லண்டன் தேவையில்லை. நம் ஊர்க் கடைகளிலும் மாதக் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்கும்போது இவை நடக்கத்தான் செய்கின்றன.

குர்ஆன் விசாரித்த திருட்டு வழக்கு

திருட்டுக் குற்றச்சாட்டு ஒன்றை முன்வைத்து இறங்கிய வசனங்கள் குர்ஆனில் உண்டு. அந்நிஸா அத்தியாயத்தின் 105 முதல் 112 வரையிலான வசனங்களின் பின்னணியாகத் தஃப்ஸீர் நூல்கள் சொல்லும் சம்பவம் இது. மதீனாவில் ஒரு வீட்டில் கவசமும் உணவுப் பொருளும் திருட்டுப் போயின. திருடியவர் வெளியே முஸ்லிமாக இருந்த, செல்வாக்குள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். பழி இன்னொருவர் மேல் திருப்பப்பட்டது. விவரங்களில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. பலராலும் சொல்லப்படும் அறிவிப்பின்படி, பழி சுமத்தப்பட்டவர் ஒரு யூதர். திருடியவரின் உறவினர் கூட்டமாக வந்து, தங்கள் ஆள் நல்லவர் என்று நபி (ஸல்) அவர்களிடம் வாதாடினார்கள். பொருளும் அந்த மற்றவரிடமே கிடைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கு முடிந்துவிட்டது.

அப்போதுதான் வஹீ வந்தது. மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே அறிவுறுத்தினான். தான் செய்த பாவத்தை நிரபராதி மேல் வீசுகிறவன் அவதூறையும் பகிரங்கமான பாவத்தையும் சுமந்துகொண்டான் என்று 112ஆம் வசனம் எச்சரிக்கிறது. பழி சுமத்தப்பட்டவர் நம் சமுதாயத்தவரா இல்லையா என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. நம் கடையில் வேலை செய்கிற பிற சமய சகோதரரையும், பிஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பாஷை தெரியாமல் நிற்கிற இளைஞரையும் சந்தேகிக்கும் முன் இந்த எட்டு வசனங்களையும் ஒரு முறை ஓத வேண்டும். பொருள் காணாமல் போனால் முதல் பார்வை போவது பெரும்பாலும் வெளியூர்க்காரன் மேல்தான்.

யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. குற்றம் சாட்டியவர் வீட்டு எஜமானி. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த வீட்டில் பணி செய்தவர். வாய்ப்பேச்சில் யார் ஜெயிப்பார்கள் என்பது தெரிந்ததே. ஆனால் அந்தக் குடும்பத்திலேயே ஒருவர் சொன்ன யோசனை இது: சட்டை முன்பக்கம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்பக்கம் கிழிந்திருந்தால் அவர் சொல்வது உண்மை (12:26, 27). இந்தச் சோதனையின் அழகைப் பாருங்கள். அது குற்றத்தையும் காட்டும், குற்றமற்ற நிலையையும் காட்டும். குற்றத்தை மட்டுமே காட்டக்கூடிய சோதனை சோதனையே அல்ல. பிரிட்டனில் விசாரணையாளர்கள் கம்ப்யூட்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு செய்தது அதைத்தான். அந்தத் தாளில் நிரபராதி என்று தெரிய வழியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. சட்டை பின்பக்கம் கிழிந்திருந்தது என்று தெரிந்த பிறகும் யூசுஃப் (அலை) அவர்களைச் சிறையில்தான் போட்டார்கள் (12:35). பெரிய இடத்தின் மானத்தைக் காப்பாற்றச் சிறியவரைப் பலி கொடுப்பது அன்றே இருந்த பழக்கம்.

அடித்தால் உண்மை வருமா?

அபூதாவூத் நூலில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. கலாஃ குலத்தாரின் பொருள் திருட்டுப் போனது. அவர்கள் சில நெசவாளர்கள் மேல் சந்தேகப்பட்டு, நபித்தோழர் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார்கள். அவர் அந்த நெசவாளர்களைச் சில நாள் தடுத்து வைத்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டார். அடிக்காமலும் சோதிக்காமலும் விட்டுவிட்டீர்களே என்று புகார்தாரர்கள் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலின் கருத்து: விரும்பினால் அடிக்கிறேன், உங்கள் பொருள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அவர்கள் முதுகில் விழுந்த அளவு அடி உங்கள் முதுகிலும் விழும். இது உங்கள் தீர்ப்பா என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் தீர்ப்பு, அவன் தூதரின் தீர்ப்பு என்று பதில் சொன்னார்.

அந்த நெசவாளர்களின் இடத்தில் மடப்புரத்துக் காவலாளியை வைத்துப் பாருங்கள். நகை காணோம் என்பது புகார். சந்தேகம் அவர் மேல். அடித்தார்கள். அவர் அடிவாங்கும் வீடியோ வெளிவந்தது. உடலில் 44 காயங்கள் இருந்ததை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிரேதப் பரிசோதனை அறிக்கையிலிருந்து சுட்டிக்காட்டிக் கடுமையாகக் கேள்வி கேட்டது. காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள். வழக்கு சிபிஐக்குப் போனது. போன உயிர் திரும்பி வரவில்லை.

அடித்து வாங்கிய ஒப்புதல் செல்லாது என்பது நம் ஃபிக்ஹில் தெளிவானது. நிர்ப்பந்தத்தின் பேரில் ஒருவர் குஃப்ரான வார்த்தையைச் சொன்னாலே அது கணக்கில் வராது என்று குர்ஆன் (16:106) சொல்லும்போது, நிர்ப்பந்தத்தில் வந்த ‘நான்தான் எடுத்தேன்’ என்பதற்கு என்ன மதிப்பு? நாட்டின் சட்டமும் அப்படியே. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாக்க முடியாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்து இன்றைய புதிய சட்டம் வரை தொடரும் விதி. கடை முதலாளியோ சூப்பர்வைசரோ தொழிலாளியை குடோனில் பூட்டி வைத்தால் அது முறையற்ற அடைத்துவைப்பு என்ற குற்றம். ஒப்புக்கொள்ள வைப்பதற்காக அடித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. திருடிய தொழிலாளிக்கு அதே சட்டத்தின் 306ஆவது பிரிவு சொல்லும் உச்ச தண்டனையும் ஏழு ஆண்டுதான். திருட்டையும், திருட்டுக்காக அடிப்பதையும் சட்டம் ஒரே தராசில் வைத்திருக்கிறது.

திருட்டு திருட்டுதான்

இவ்வளவு சொன்னதால், கடைகளில் திருட்டே நடப்பதில்லை என்று பொருள் அல்ல. நடக்கிறது. பில் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் போனதும் அந்த பில்லை கேன்சல் செய்வது. யாரும் திருப்பித் தராத பொருளைத் திருப்பித் தந்ததாகக் கணக்கெழுதிப் பணம் எடுப்பது. தெரிந்தவர் வந்தால் நான்கு பொருளுக்கு இரண்டுக்கு மட்டும் பில் போடுவது. குப்பை அட்டைப்பெட்டிக்குள் புதுச் சரக்கை வைத்து வெளியே அனுப்புவது. திருவனந்தபுரத்தில் குற்றம் சாட்டப்பட்டது போல க்யூஆர் கோடு மாற்றுவது. அந்த வழக்கில் யார் சொல்வது உண்மை என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை எல்லாக் கடைக்காரர்களும் அறிந்துகொண்டார்கள்.

கடையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. முதலாளி கோடீஸ்வரர், ஒரு சாக்லேட் போனால் என்ன என்று நினைக்க வேண்டாம். கைபர் போரிலிருந்து திரும்பும்போது நபி (ஸல்) அவர்களின் பணியாளர் மித்அம் அம்பு பட்டு இறந்தார். மக்கள் அவருக்குச் சொர்க்கம் என்று வாழ்த்தினார்கள். பங்கிடும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர் மேல் நெருப்பாக எரிகிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட ஒருவர் ஒரு செருப்பு வாரையோ இரண்டையோ கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். அதுவும் நெருப்புதான் என்றார்கள் (புகாரி). நண்பனுக்கு பில் போடாமல் கொடுத்த சோப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். சம்பளம் குறைவு என்றால் கேளுங்கள், சங்கத்தில் சொல்லுங்கள், வேறு வேலை தேடுங்கள். கையை வைக்காதீர்கள்.

குறைவு எங்கிருந்தெல்லாம் வரும்?

கடையில் சரக்கு குறைவதற்குத் தொழிலாளியின் திருட்டு ஒரு காரணம் மட்டுமே. வாடிக்கையாளர் வேடத்தில் வந்து எடுத்துப் போகிறவர்கள் உண்டு. சப்ளையர் 48 போட்டுவிட்டு 50 என்று எழுதுவது உண்டு. எடை குறைவது, எலி கடிப்பது, தேதி முடிந்ததைக் கணக்கெழுதாமல் வீசுவது, பெரிய அளவுப் பொருளைச் சிறிய அளவின் விலைக்கு பில் போடுவது, முதலாளியின் வீட்டார் வந்து எழுதாமல் எடுத்துப் போவது எல்லாம் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் திருட்டு என்ற சொல்லை வாயில் எடுக்க முடியும்.

பல கடைகளில் இதற்கு ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு குறைகிறதோ அதை அந்தப் பிரிவில் நிற்கும் எல்லோர் சம்பளத்திலும் பிரித்துப் பிடித்துவிடுவது. இது மார்க்கப்படியும் தவறு, சட்டப்படியும் தவறு. ஒருவருக்கென்று சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரை ஃபிக்ஹு நூல்கள் ‘அஜீர் காஸ்’ என்று சொல்லும். அவர் கையிலுள்ள பொருள் அமானிதம். அவர் வரம்பு மீறியதாகவோ கவனக்குறைவாக இருந்ததாகவோ உறுதியானால்தான் நஷ்டத்துக்கு அவர் பொறுப்பு. ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரண்டு மத்ஹபுகளின் நிலையும் இதுதான். சட்டத்தைப் பார்த்தால், 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும், அதன் இடத்துக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பும் ஒரே விதியைச் சொல்கின்றன: ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்குத்தான் அவரிடம் பிடிக்கலாம், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுக்காமல் பிடிக்கவே கூடாது. எட்டுப் பேரில் ஒருவர் எடுத்ததற்கு எட்டுப் பேருக்கும் அபராதம் போட்டால், ஏழு பேரின் கூலியை முதலாளி எடுத்துக்கொண்டார் என்றுதான் கணக்கு. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதி என்று அல்லாஹ் சொல்வதாக புகாரியில் ஹதீஸ் குத்ஸி வந்திருப்பதை முதலாளிமார் மறந்துவிடக் கூடாது.

முறையான விசாரணை எப்படி இருக்கும்?

வாதிடுகிறவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நபிமொழியிலிருந்து வந்த அடிப்படை விதி. இதைக் கடையின் நடைமுறையாக்கினால் இப்படி இருக்கும்.

முதலில் காகிதம், பிறகு மனிதர். பில் கேன்சல் பட்டியல், சரக்கு வரவுச் சீட்டு, யாருக்கு எந்த ஷிஃப்ட், கேமராப் பதிவு ஆகியவற்றைச் சத்தமில்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் பயன்படுத்தும் கடையில் பில்லை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. அது முதலாளியின் ஏற்பாட்டில் உள்ள குறை.

புகார் சொன்னவரே விசாரிக்கக் கூடாது. சூப்பர்வைசர் ஒருவர்மேல் குற்றம் சொன்னால் விசாரணையை வேறொருவர் நடத்த வேண்டும். அந்த சூப்பர்வைசரின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

அழைத்துப் பேசும்போது மற்ற தொழிலாளர்கள் முன்னால் பேசக் கூடாது. கதவைப் பூட்டக் கூடாது. என்ன குற்றச்சாட்டு, என்ன ஆதாரம் என்பதை எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல நாள் கொடுக்க வேண்டும். கூட ஒருவரை அழைத்துவர அனுமதிக்க வேண்டும். பெண் தொழிலாளி என்றால் விசாரணையில் பெண் ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஆண்கள் அவரது பையையோ உடையையோ சோதிப்பது கூடவே கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது பகிரங்கமான மோசடி.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே வந்தது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தகுந்த காரணம் இன்றி நீக்கக் கூடாது என்று அதன் 41ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ கொடுக்க வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமானால், அதற்கென்று விசாரணை நடத்தி, போதுமான சாட்சியங்களைப் பதிவு செய்து, தவறான நடத்தையை நிறுவ வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் அதே பிரிவில் வழியுண்டு. கடை வேலை செய்யும் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது. ‘நாளையிலிருந்து வராதே’ என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஊரில் ‘ஏன் வந்துவிட்டாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் கூசிப்போகிறார்கள்.

திருட்டு உறுதியாகிவிட்டால்? பொருளைத் திருப்பிக் கேட்பது முதலாளியின் உரிமை. வேலையை விட்டு நீக்குவதும், போலீஸில் புகார் கொடுப்பதும் உரிமைதான். தவறை உணர்ந்து திருப்பிக் கொடுத்தவரை மன்னிப்பது அதைவிட மேலானது. ஆனால் அவர் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘இவனை வேலைக்கு வைக்காதீர்கள்’ என்று பரப்புவது எந்த உரிமையிலும் வராது. அவருக்கும் ஒரு தாய் உண்டு, ஒரு தங்கைக்குத் திருமணம் பேசிக்கொண்டிருப்பார்கள். விசாரணை முடியாமல் பரப்பினால் அது அவதூறு. ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற கருத்தில் வரும் 49:6 வசனம், ஃபார்வர்டு பட்டனை அழுத்தும் விரலுக்கும் பொருந்தும்.

முதலாளியின் கணக்கும் உண்டு

முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) பதிவு செய்திருக்கும் ஒரு சம்பவத்தோடு முடிக்கலாம். ஹாதிப் என்பவரின் அடிமைகள் முஸைனா குலத்தார் ஒருவரின் பெண் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். வழக்கு உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. தண்டனைக்கு உத்தரவிட்டவர் நிறுத்தி, எஜமானரைப் பார்த்தார். நீர் இவர்களைப் பட்டினி போடுகிறீர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது என்றார். ஒட்டகத்தின் விலை 400 திர்ஹம் என்று தெரிந்ததும், 800 திர்ஹம் கொடுக்கும்படி எஜமானருக்கே உத்தரவிட்டார். உமர் (ரலி) திருட்டை நியாயப்படுத்தவில்லை. திருடியவரின் கையைப் பார்த்த அதே கண்ணால், அவரது வயிற்றையும் பார்த்தார்.

பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து, உட்கார நாற்காலி கொடுக்காமல், மூன்று மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்துவிட்டு, ‘இந்தக் காலத்துப் பையன்களிடம் நேர்மையே இல்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. கடைத் தொழிலாளர் உட்கார்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், அதுவரை நம் மனசாட்சி எங்கே போயிருந்தது?

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊரிலிருந்து வெளியூர்க் கடைகளுக்குப் போன பிள்ளை ‘திருட்டுப் பட்டம்’ சுமந்து திரும்பி வந்தால், ஊர் பேச்சுக்கு விடாமல், சட்டம் தெரிந்த ஒருவரோடு ஜமாஅத் நிர்வாகி ஒருவர் போய் அந்தக் கடை முதலாளியிடம் ஆதாரத்தைக் கேட்க வேண்டும். ஆதாரம் இருந்தால் பிள்ளையைத் திருத்துவோம், பொருளைத் திருப்பிக் கொடுக்க வைப்போம். ஆதாரம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சுத்தமாக்கித் தரச் சொல்வோம். சம்பளப் பாக்கியையும் கேட்போம். முதலாளி நம் ஆளாக இருந்தாலும் இதே அளவுகோல்தான்.

சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுங்கள், சில சந்தேகங்கள் பாவம் என்று அல்லாஹ் எச்சரிக்கும் அதே வசனத்தில்தான் (49:12) துருவித் துருவிப் பார்ப்பதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறான். கடை நடத்துகிறவர் கண்காணிக்கத்தான் வேண்டும், கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கணக்கு முடியாத இடத்தில் ஒரு மனிதனின் மானத்தை வைத்துக் கணக்கை முடிக்கக் கூடாது.

தொழிலாளியின் கையை ஹராமிலிருந்தும், முதலாளியின் நாவை அவதூறிலிருந்தும், விசாரிப்பவரின் கையை அநீதியிலிருந்தும் வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.